சுண்ணாம்புக் கம்பத்திலிருந்து லோயாங் வரை

தேக்காவுக்கு வரும் சுற்றுப்பயணிகள் தவறாமல் படம் எடுத்துக்கொள்ளும் வீடு ஒன்று கெர்பாவ் ரோட்டில் இருக்கிறது. கதவுக்கு ஒரு நிறம், சன்னலுக்கு ஒரு நிறம், தூணுக்கு வேறொரு நிறம். தான் தெங் நியா என்ற சீன வணிகர் 1900இல் கட்டிய வீடு அது. லிட்டில் இந்தியாவில் எஞ்சி நிற்கும் கடைசிச் சீன மாளிகை என்பார்கள். அவர் மிட்டாய் தயாரித்தவர். கரும்பைப் பிழிந்து இனிப்புச் செய்தார். மிஞ்சிய சக்கையை எரித்து, ரப்பர் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்துக்குச் சூடேற்றினார். இன்று மக்கள் கைப்பேசியை நீட்டிப் பிடிக்கும் அந்த முற்றத்தைச் சுற்றிக் கரும்புப் பாகும் ரப்பர் புகையும் சூழ்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. பலநிறப் பூச்சு 1980களில் வீட்டைப் புதுப்பித்த பிறகு வந்தது.

தீவின் கிழக்கு மூலையைப் பற்றிப் பேச வந்தவன் தேக்காவில் தொடங்கக் காரணம் இருக்கிறது. பாசிர் ரிஸ் என்றதும் கடற்கரைப் பூங்காவும் வீவக அடுக்குமாடிகளும்தான் வெளியாருக்கு நினைவுக்கு வரும். அங்கே குடியிருப்பவர்களுக்கு இன்னொரு பக்கமும் தெரியும். ஒருபுறம் லோயாங் தொழிற்பேட்டை, எண்ணெய்க் கிணறுகளுக்குப் பொருள் அனுப்பும் கடலோரத் தளம். இன்னொருபுறம் சில்லு தயாரிக்கும் வேஃபர் ஃபேப் பூங்கா. கொஞ்சம் தள்ளி டெஃபு லேன். அதற்கும் அப்பால் பாய லேபார் விமானப்படைத் தளம். அந்தத் தளம் 2030களில் இடம்பெயரத் தொடங்கும் என்றும், அந்த நிலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் சுமார் 1,50,000 வீடுகள் கட்டலாம் என்றும் அரசாங்கம் அறிவித்திருக்கிறது. பழைய தொழில் நிலத்தை அடுத்து என்ன செய்வது என்பது இனிக் கிழக்கு வட்டாரத்தின் கேள்வி.

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் “கலை வட்டாரமாக்கலாம்” என்ற பதில் தயாராக வந்து நிற்கும். நல்ல பதில்தான். ஆனால் அந்த மாற்றத்தை முழுமையாகக் கடந்து வந்த ஓர் இடம் நம் கையிலேயே இருக்கிறது. தேக்காவில் நடந்ததை ஊன்றிப் பார்த்துவிட்டு லோயாங்குக்குப் போவதே முறை.

சிராங்கூன் சாலையின் வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய தலைமுறைத் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்று அழைத்தார்கள். சுற்றிலும் சுண்ணாம்புக் காளவாசல்கள். அவற்றில் வேலை செய்தவர்கள் நம்மவர்கள். செங்கல் சூளைகளும் அதே சாலையில்தான் எரிந்தன. பென்கூலனிலிருந்து 1825இல் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளும், அவர்களுக்குப் பின் வந்த கைதிகளும் அறுத்துச் சுட்ட கல் இந்த நகரத்தை எழுப்பியது. 1867இல் ஆக்ராவில் நடந்த கண்காட்சியில் அந்தச் செங்கல்லுக்குப் பதக்கமே கிடைத்தது. 1856 முதல் 1861 வரை கைதிகளின் உழைப்பில் எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களில் இருப்பது மெட்ராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பை முட்டை வெள்ளைக்கருவோடும் நாட்டுச் சர்க்கரையோடும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசி, பளபளக்கும் வரை தேய்த்த பூச்சு அது. அதைச் செய்யத் தெரிந்த கைகளை இன்று கைவினைக் கலைஞர்கள் என்று கொண்டாடுவோம். அன்று அவர்களின் காலில் விலங்கு இருந்தது.

சூளைகளுக்குப் பிறகு மாடு வந்தது. ரோச்சோர் ஆற்றங்கரையின் ஈரநிலம், புல், பக்கத்தில் குதிரைப் பந்தயத் திடல். கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்ற யூத வணிகர் மாட்டு வியாபாரத்தில் பெரிய கை. அவர் பெயரில் ஒரு சாலை, எருமையின் பெயரில் இரண்டு சாலைகள் இன்றும் இருக்கின்றன. மாடு இருந்தால் பால்காரர், தோல், வண்டி, தீவனம் எல்லாம் பின்னாலேயே வரும். கோதுமை அரைக்கும் கொட்டகைகளும் நல்லெண்ணெய்ச் செக்குகளும் பிரம்புப் பட்டறைகளும் அன்னாசி டின்னில் அடைக்கும் ஆலைகளும் இந்த வட்டாரத்தில் இயங்கின. ஷாரன் சித்திக்கும் நிர்மலா புருஷோத்தமும் லிட்டில் இந்தியா பற்றி 1982இல் எழுதிய நூலைப் படித்தால், நாம் வளையலும் மல்லிகையும் வாங்கப் போகும் இடம் ஒரு தொழிற்பேட்டையாக இருந்தது கண்முன் விரியும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோயிலும் மசூதியும் சாப்பாட்டுக் கடையும் பூக்கடையும் நாடகக் கொட்டகையும் சூளை அணைந்த பிறகு யாரும் திட்டம் போட்டுக் கொண்டுவந்தவை அல்ல. சூளை எரிந்துகொண்டிருந்தபோதே, அதில் வெந்தவர்கள் தங்களுக்காக உண்டாக்கிக்கொண்டவை. காலாங்கிலும் இதைப் பார்க்கலாம். 1862 முதல் 1998 வரை நகரத்துக்கு எரிவாயு தந்த ஆலை போய்விட்டது. அருகில் மன்மத காருணீஸ்வரர் கோயில் இன்னும் இருக்கிறது.

பிறகு தொழில்கள் ஒவ்வொன்றாக விலகின. நகராண்மையின் சுகாதார விதிகளும் நிலத்தின் தட்டுப்பாடும் 1930களில் மாட்டுத் தொழிலுக்கு முற்றுப்புள்ளி வைத்தன. 1960களில் ஜூரோங் எழுந்ததும் பட்டறைகள் மேற்கே போயின. மக்களும் புதிய நகரங்களுக்குப் போனார்கள். 1989ஆம் ஆண்டை நான் இந்தக் கதையின் திருப்பமாகப் பார்க்கிறேன். வீவக வீடுகளில் இன விகிதக் கொள்கை மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஒரே வட்டாரத்தில் ஓர் இனத்தார் திரள்வது அதன்பின் இயலாது. ஜூலையில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் பாசிர் ரிஸ் எம்ஆர்டி நிலையம் திறந்தது. கட்டடங்கள் காப்பாற்றப்பட்ட அதே ஆண்டில், அவற்றில் வாழக்கூடிய குடும்பங்கள் கிழக்குக் கோடிக்கு ரயில் ஏறத் தொடங்கின. தேக்கா நாம் வாழும் இடமாக இருந்து, நாம் போய்வரும் இடமானது. இன்று பச்சைத் தடத்தில் பூகிஸ் வரை, அங்கிருந்து நீலத் தடத்தில் இரண்டே நிறுத்தம். பாசிர் ரிஸ் தமிழரின் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் அமைகிறது.

காலியான கடைவீடுகளுக்கு என்ன வழி? தேசியக் கலைகள் மன்றம் 2001இல் கெர்பாவ் ரோட்டில் லிட்டில் இந்தியா கலை வரிசையைத் தொடங்கியது. 1952இல் பிறந்த பாஸ்கர் கலைக்கழகம் உட்படச் சில நடன, நாடகக் குழுக்கள் அங்கே குடியேறின. கலைக்குழுக்கள் சந்தை வாடகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்ற ஏற்பாடு 1980களிலேயே இங்கு வந்தது. அந்தச் சலுகை இல்லாமல் சலங்கைச் சத்தம் அந்தத் தெருவில் ஒரு மாதம்கூடக் கேட்டிருக்காது. கட்டடம் கொடுத்ததைவிட வாடகையைப் பிடித்துவைத்ததுதான் பெரிய உதவி. நகர மறுசீரமைப்பு பற்றிய பேச்சில் வண்ணப்பூச்சுக்குக் கிடைக்கும் இடம் வாடகைக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சுவரோவியங்கள் அதன்பின் வந்தன. லாசால் கலைக்கல்லூரியும் பயணத்துறைக் கழகமும் சேர்ந்து நடத்திய கலைநடை நிகழ்ச்சி புதிய சுவர்களைத் தந்திருக்கிறது. சைஃபூல் என்ற ஓவியர் 2016இல் வரைந்தது இந்த வட்டாரத்தின் பழைய தொழில்களை. கிளி ஜோசியர், சலவைத் தொழிலாளி, கச்சாங் பூத்தே விற்பவர், பூக்கட்டுபவர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். யூனிஸ் லிம் மாட்டுப் பட்டியை வரைந்தார். நல்ல ஓவியங்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் நின்று காட்டத் தக்கவை. ஆனால் அந்தச் சுவரின் முன் நிற்கும்போது மனம் கனக்கிறது. சலவைத் தொழிலாளி சுவரில் மட்டும் இருக்கிறார். கிளி ஜோசியரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கஃப் ரோட்டில் மல்லியும் மிளகாயும் கொண்டுபோய்க் கொடுத்தால் அரைத்துத் தரும் மில் ஒன்று நெடுங்காலம் இயங்கியது. அந்த நெடியில் தும்மிக்கொண்டே வரிசையில் நின்ற பெண்கள் பலர் இன்று பாட்டிமார். பூக்கட்டுபவர் ஒருவர்தான் சுவரிலும் இருக்கிறார், ஐந்தடி நடைபாதையிலும் இருக்கிறார்.

ஏன் அவர் மட்டும்? அவருடைய சரக்கு அன்றாடம் வேண்டும், வாடும், பெட்டியில் அடைத்து வைத்து விற்க முடியாது, கோயிலும் வீடும் கல்யாணமும் அவரை விடாமல் வேலை வாங்குகின்றன. கடையின் ஒரு மூலை அவருக்குப் போதும், கூட்டம் கடந்து செல்லும் இடத்தில் அது இருந்தால் சரி. மில்லுக்கு அது போதாது. சத்தம் வரும், தூசி பறக்கும், இயந்திரத்துக்கு இடம் வேண்டும். பாதுகாக்கப்பட்ட வட்டாரத்தில் ஏறிக்கொண்டே போகும் வாடகையில் அதற்குக் கட்டுப்படியாகாது. கட்டடத்தின் முகப்பைக் காக்கச் சட்டம் இருக்கிறது. உள்ளே நடக்கும் வேலையைக் காக்க அப்படி எதுவும் இல்லை.

தேக்காவில் கலை உயிரோடிருந்ததற்கு மற்றொரு சாட்சி ரோவல் ரோட்டில் இருந்தது. பங்ளாதேஷ் தொழிலாளர்களுக்காக ஏ.கே.எம். மொஹ்சின் 2011இல் தொடங்கிய ‘திபாஷ்ரம்’. ‘பங்ளார் கந்தா’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர் அவர். கட்டுமானத் தளத்திலிருந்தும் கப்பல் பட்டறையிலிருந்தும் வந்தவர்கள் மாடிப்படி ஏறி, கவிதை வாசித்தார்கள், ஆர்மோனியம் வாசித்தார்கள், ஒருவர் கதையை ஒருவர் கேட்டார்கள். வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி 2014இல் தொடங்கியபோது எழுத ஆள் இருந்ததற்கு இப்படிப்பட்ட அறைகளும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். சூளைத் தொழிலாளிகள் கோயில் கட்டியதற்கும் இதற்கும் இடையில் நூற்றைம்பது ஆண்டுகள்; உந்துதல் ஒன்றே.

தேக்காவுக்கு வெளியே, சிங்கப்பூரில் தொழிற்கூடங்கள் கலைக்கூடங்களான வரலாறு நீண்டது. ஆர்மீனியன் ஸ்திரீட்டில் 1926இல் கட்டிய துணை மின்நிலையத்தை 1990இல் நாடக ஆசான் குவோ பாவ் குன் ‘சப்ஸ்டேஷன்’ ஆக்கினார். தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என்று எந்த மொழிக்காரரும் தோற்றுப் பார்க்க இடம் தந்த மேடை அது. தமிழ் நாடகாசிரியர் இளங்கோவனின் துணிச்சலான நாடகங்கள் அங்கே ஏறின. 2021இல் அந்தக் கட்டடத்தை விட்டு நிறுவனம் வெளியேறியபோது பலரும் கலங்கியதன் காரணம் செங்கல்லும் சுண்ணாம்பும் அல்ல. புதுப்பித்த பிறகு கட்டடத்தைப் பல குழுக்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தேசியக் கலைகள் மன்றம் திட்டமிட்டது. ஓர் இடத்தின் பொறுப்பு முழுவதும் கலைஞர்கள் கையில் இருந்த நிலை அதோடு முடிந்தது. முகமது சுல்தான் ரோட்டில் பழைய அரிசிக் கிடங்கு 2005இல் ‘72-13’ என்ற நாடகக்கூடமானது. ராபர்ட்சன் கீயில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிடங்கு ஒன்று 2002இல் அச்சுக்கலை நிலையமானது. இதை நான் தனியாக மதிக்கிறேன். அங்கே காகிதமே செய்கிறார்கள். அச்சு இயந்திரங்கள் ஓடுகின்றன. கிடங்கின் உடம்பில் வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க் இன்றைய உதாரணம். கெப்பல் ரோட்டில் துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்குக் கட்டடம். தனியார் ஓவியக்கூடங்கள் 2010களிலேயே அங்கே இடம் பிடித்தன. 2022 ஜனவரியில் சிங்கப்பூர் கலை அரும்பொருளகம் அங்கே வந்தது. அதே ஆண்டு சிங்கப்பூர் பினாலேயும் அங்கே நடந்தது. கிடங்கைத் தேர்ந்தெடுக்க அழகு உணர்வைத் தாண்டிய காரணங்கள் உண்டு. கூரை உயரம், தரை எவ்வளவு பாரமும் தாங்கும், லாரி நேரே வாசலில் வந்து நிற்கும், பெரிய சிற்பத்தைச் சரக்குத் தூக்கியில் மேலே ஏற்றிவிடலாம். முகவரியைக் கேட்டதும் தமிழருக்கு வேறு நினைவு வரும். தஞ்சோங் பகார் கப்பல் துறையில் மூட்டை தூக்கிய தலைமுறைகளில் தமிழரும் மலையாளிகளும் ஏராளம். 1972இல் கொள்கலன் முனையம் வந்ததும் தோளின் வேலை குறைந்தது. இப்போது முனையங்களே துவாஸுக்குப் போகின்றன. அந்தக் கிடங்கில் நிறுவல் கலையைப் பார்க்கும் நம் பிள்ளைகளிடம் அந்தத் தோள்களைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும்.

வெளியுலகைப் பார்த்தால் வாடகையின் கதை மறுபடி மறுபடி வருகிறது. பெய்ஜிங்கில் 1950களில் கிழக்கு ஜெர்மானியர் வடிவமைத்த மின்னணுத் தொழிற்சாலை காலியானதும் மலிவான இடம் தேடி ஓவியர்கள் வந்தார்கள். 798 என்ற பெயர் உலகப் புகழ் பெற்றது. புகழோடு வாடகையும் ஏற, வந்தவர்களில் பலர் வெளியேற நேர்ந்தது. தைப்பேயின் ஹுவாஷான் 1914இல் தொடங்கிய மதுவடிப்பு ஆலை. 1997இல் ஒரு நாடகக் குழு அந்தப் பாழடைந்த கட்டடத்துக்குள் புகுந்து நாடகம் போட, இயக்குநரைப் போலீஸ் பிடித்தது. அந்தச் சண்டையில்தான் இடம் கலைக்குக் கிடைத்தது. கொச்சியில் மிளகும் இஞ்சியும் தேங்காயெண்ணெயும் குவித்த ஆஸ்பின்வால் ஹவுஸ் 2012 டிசம்பரில் கொச்சி-முசிறி பினாலேயின் முதன்மை அரங்கானது. சென்னையின் கதைதான் வலிக்கிறது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களிடம் திரு.வி.க. பேசினார், 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. 1996இல் ஆலை மூடிய பிறகு எத்தனையோ தமிழ்ப் படங்களின் சண்டைக்காட்சிகளுக்கு அந்தக் கூடங்கள் பின்னணியாக நின்றன. அதன்பின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அவ்வளவு வரலாறு கொண்ட ஆலைக்கு அதைவிட நல்ல எதிர்காலம் கிடைத்திருக்க வேண்டும்.

இனி லோயாங். அங்கே கலாசாரத்தை யாரும் கொண்டுவர வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கிறது. 1980களில் லோயாங் கடற்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த பௌத்த, தாவோ, இந்துச் சிலைகளைச் சிலர் எடுத்து, தகரமும் செங்கல்லும் கொண்டு ஒரு குடிசை கட்டி வைத்தார்கள். 1996இல் அது தீயில் எரிந்தது, மறுபடி கட்டினார்கள், 2007இல் லோயாங் வேயில் இன்றைய இடத்துக்கு வந்தது. அந்த லோயாங் துவா பெக் கோங் கோயிலில் பிள்ளையார் சன்னிதி உண்டு, மலாய் தத்தோவுக்கும் இடம் உண்டு. தொழிற்சாலைகளுக்கு நடுவே, இரவு வேலை முடித்து வருகிறவர்களும் சூடம் ஏற்றிவிட்டுப் போகும் இடம் அது. எந்தப் பெருந்திட்டத்திலும் முதலில் இல்லாத இந்தக் கோயில்தான் கிழக்கு வட்டாரத்தின் தனித்தன்மை கொண்ட பண்பாட்டு இடம் என்பேன்.

தமிழ்க் கலைகளுக்குத் தொழிற்பேட்டை எந்த வகையில் உதவும் என்று கேட்டால் என் முதல் பதில் சத்தம். பாசிர் ரிஸ் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் தவில் பழக முடியுமா? பறை? உறுமி மேளக் குழுவில் இளைஞர்கள் ஆர்வத்தோடு சேர்கிறார்கள். ஒத்திகைக்கு இடம் தேடித் திண்டாடுகிறார்கள். தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் இருந்த இசைக்கருவித் தடை 2016இல் ஓரளவு தளர்ந்து, குறித்த இடங்களில் நேரடி இசை வந்தது. வாசிக்க அனுமதி வந்தால் போதாது, பழக இடம் வேண்டும். மாலை ஏழு மணிக்குப் பிறகு தொழிற்பேட்டையில் புகார் சொல்ல அண்டைவீட்டார் இல்லை. அடுத்தது பட்டறை. காவடிச் சட்டம் வளைப்பது, தேருக்கு ஒட்டு வேலை செய்வது, நாடக அரங்கப் பொருள் அடிப்பது எல்லாம் உலோகமும் மரமும் சாயமும் புழங்கும் வேலை. தேக்காக் கடைவீட்டில் இதற்கு இடமில்லை, வீட்டு வரவேற்பறையில் நிச்சயமாக இல்லை. பற்றவைப்பவர் அடுத்த கதவில் இருக்கும் லோயாங்கில் இருக்கிறது.

இதற்குத் தொழிற்சாலைகள் காலியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தொழில் நிலத்தில் தளப்பரப்பின் 60 விழுக்காடு தொழிலுக்கு, மீதி 40 துணைப் பயன்பாடுகளுக்கு என்ற விதி நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் உண்டு. அந்த நாற்பதில் ஒத்திகை அறைகளுக்கும் கைவினைப் பட்டறைகளுக்கும் தாராளமாக இடம் ஒதுக்கலாம். கெர்பாவ் ரோட்டுக்குத் தந்த வாடகைச் சலுகையை இங்கும் தரலாம். ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு மேல் நீள வேண்டும்; தவிலில் தேறவே அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும். இரவு ஒத்திகை முடிந்து பாசிர் ரிஸ் எம்ஆர்டிக்குத் திரும்பப் பேருந்து வேண்டும். வேலை முடிந்த வெளிநாட்டு ஊழியரும் உள்ளே வரக்கூடிய கதவாக அது இருக்க வேண்டும். அவருடைய ஊர் உறுமி நம் பிள்ளைகளுக்கு ஆசான்.

டெஃபு லேனின் பழைய பட்டறைகளில் பல ஏற்கெனவே இடிக்கப்பட்டுவிட்டன. மரச்சாமான் செய்தவர்களும் வார்ப்படம் வார்த்தவர்களும் புதிய அடுக்குத் தொழிற்கூடங்களுக்குப் போனார்கள், அல்லது தொழிலையே விட்டார்கள். பாய லேபார் தளத்தில் இன்னும் காலம் இருக்கிறது. 3.8 கிலோமீட்டர் ஓடுபாதையை வைத்துக்கொண்டு சமூகப் பயன்பாட்டுக்கு விடலாம் என்று 2022இல் கட்டடக்கலைஞர்களும் திட்டமிடுவோரும் முன்வைத்த யோசனைகளில், பழைய விமானக் கொட்டகைகளைக் கலைக்கும் தொழிலுக்கும் சேர்த்துப் பயன்படுத்துவது பற்றிப் பேச நிறைய இடமுண்டு. கொட்டகையைக் காப்பதோடு, அதைச் சுற்றிய சில பட்டறைகளையும் அவற்றின் வாடகையையும் காக்கும் விதி இப்போதே எழுதப்பட வேண்டும். பெருந்திட்ட வரைவை ஆணையம் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கும் நாட்களில் பாசிர் ரிஸ், தெம்பனிஸ், ஹவ்காங் தமிழர்கள் அதைத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்.